நாம் இங்கே எண்ணும் கணக்கின்படி

வாரத்தின் மூன்றாம் நாள்,
ஷெவாத் மாதம் இருபத்து மூன்று,
உலகம் படைக்கப்பட்டு ஐயாயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்றாம் ஆண்டு,
குரா ஆற்றின் மீதும் ஊற்றுநீர்களின் மீதும் அமர்ந்திருக்கிற
திபிலிசி நகரத்தில்
நாம் இங்கே எண்ணும் கணக்கின்படி

என்று அவ்வளவு தொலைவிலிருந்து கிளம்பித்தான்
எங்களிடம் வந்து சேர்கிறது அந்த வாக்கியம்.
முதலில் வெளிச்சம், பிறகு கடல், பிறகு மீன்,
எல்லாம் ஆன பிறகு ஓத்தாரும் நானும்
ஒரு மேசையின் இரு முனைகளில்.

எழுத்தர் இறகைச் சீவுகிறார்.
பன்னிரண்டே வரி.
ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டாலும்
சீட்டு செல்லாது என்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஓத்தாருக்கும் வந்திருக்கும்,
அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதே வாக்கியத்தை முன்பும் கேட்டிருக்கிறேன்.
அதே ஆறு, அதே கணக்கு.
அன்றும் செவ்வாய்.
மூன்றாம் நாளில்தான் கடவுள்
நல்லது, நல்லது என்று இரண்டு முறை சொன்னாராம்,
அதனால் செவ்வாயில்தான் கல்யாணம் என்று
மாமியார் ஒற்றைக்காலில் நின்றாள்.
ஒரு நல்லதை அன்றே செலவழித்துவிட்டோம்.
மற்றது இன்றைக்கு மிச்சம் இருந்தது போல.

அன்று ஷெவாத் இருபத்தைந்து, அறுபத்து நான்கு.
பத்தொன்பது ஆண்டுக்கு இரண்டு நாள் குறைவு.
பத்தொன்பது ஆண்டுக்கொரு முறை
நிலவும் சூரியனும் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.
அதற்காக நடுவில் ஏழு முறை
ஒரு மாதத்தை உபரியாகச் செருகுவார்கள்.
நாங்களும் செருகிப் பார்த்தோம்:
பத்தூமியில் ஒரு கோடை,
ஒரு நாய்,
சமையலறைக்குப் புது ஓடு.

மை காயக் காத்திருந்தபோது கேட்டேன்:
முதலாம் ஆண்டை யார் எண்ணினார்கள்?
யாருமில்லை, என்றார் எழுத்தர், இறகைத் துடைத்தபடி.
அந்த ஆண்டின் கடைசி ஐந்து நாள்தான் உலகம் இருந்தது.
மனிதன் எழுந்து நின்றபோது
இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது.
அப்படியானால் மீதி?
வெறுமை.
அதற்கும் ஒரு நிலாப் பிறப்பு கணித்து வைத்திருக்கிறோம்.
இரண்டாம் நாள், ஐந்து மணி, இருநூற்று நான்கு பங்கு.

நிலவே இல்லாத காலத்துக்கு
நிலவு பிறந்த நேரம்.
ஒரு மணிக்கு ஆயிரத்து எண்பது பங்கு என்றும் சொன்னார்,
நான் கேட்காமலே.

எங்கள் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது.
அவன் துறைமுக வேலைக்குப் போயிருந்தான்.
வீட்டில் இரண்டு நாற்காலி, ஒரு கெட்டில்.
வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி.
ஒன்றுமே நடக்காத அந்த ஆண்டையும்
நான் எப்போதும் சேர்த்துத்தான் சொல்லிவந்திருக்கிறேன்,
யாராவது எத்தனை வருஷம் என்று கேட்டால்.

மோதிரங்களைக் கழற்றச் சொன்னார்கள்.
கைகளைக் குவித்து நீட்டினேன்.
மடித்த தாள் அவன் விரல் விட்டு
என் உள்ளங்கையில் விழ
ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை.
அதை ஏந்திக்கொண்டு நான்கு அடி நடக்க வேண்டும், நடந்தேன்.
பிறகு வாங்கிக் குறுக்கே கத்தரித்து
பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.
மறுமணம் என்றால்
தொண்ணூற்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்றார்கள்.
நான் கேட்டிருக்கவில்லை.

தெருவில் பிப்ரவரி பதினான்கு.
கடைகள் தோறும் சிவப்பு பலூன்,
காதலர்களுக்கு ஒயினில் தள்ளுபடி.
கந்தக ஊற்றுப் பக்கமிருந்து
அழுகிய முட்டை வாசம்.
ரொட்டிக்கடையில் அடுப்புக்குள் பாதி உடலை நுழைத்திருந்தவன்
முகம் திருப்பாமல் கேட்டான்,
எத்தனை, மக்வாலா?

இரண்டு என்றது வாய்.
திருத்தவில்லை.
ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து
சுடச்சுட இரண்டையும் தின்றேன்.