துளைக்கு எண்ணூறு

அம்மையநாயக்கனூரில்
காற்று முதலில் வந்து சேரும் மேட்டில்
துரை பங்களா இருக்கிறது.
ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்குவது
அதன் பதினாறு ஜன்னல்களில் நுழைந்து வெளியேறித்தான்
சந்தைக்கும் ரயிலடிக்கும் வரும்.
வரும்போது பாதிதான் மிச்சம்.

இப்போது அது ஏதோ துணை இயக்குநர் ஆபீஸ்.
ஒன்றரை டன் ஏசி மாட்ட
மதுரையிலிருந்து என்னையும் ஒச்சப்பனையும் அனுப்பினார்கள்.
வெயில் நூற்று நாலு.

ஏழு படி ஏறினால் கூடம்.
கீழே ஊரில் எந்த வீட்டுக்கும் மூன்று படிக்கு மேல் இல்லை.
கூரையை அண்ணாந்து பார்த்து ஒச்சப்பன்
"யாருண்ணே இதுல ஒட்டடை அடிச்சது" என்றான்.

குளியலறைக்கு இரண்டு கதவு.
ஒன்று படுக்கையறையில் திறக்கும்.
மற்றது வெளியே, ஆள் அகலமே உள்ள
ஒரு குறுகிய படிக்கட்டில்.
அந்தப் படி யாருக்கென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
சமையல்கட்டு முப்பது கெஜம் தள்ளி,
காற்று போகும் பக்கம்:
கறி வதங்கும் வாசனை துரைக்கு வராது,
ஊருக்கு வரும்.

கிளார்க் முத்திருளாயி அக்கா
டீ கொடுத்தபடி சொன்னார்:
சிறுமலைக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர்கள்
சனிக்கிழமை குதிரையில் இறங்கி வந்து
இந்தக் கூடத்தில்தான் சீட்டாடுவார்களாம்.
வராந்தாவில் நின்றால் ஸ்டேஷன் தெரியும்.
கண்டிச் சீமைக்குப் போகிற சனம்
மூட்டையோடு குந்தியிருக்க
கங்காணி தலை எண்ணுவது
இங்கிருந்து பார்த்தால்
காப்பிக்கொட்டை பொறுக்குவது போல் இருந்திருக்கும்.
இந்தக் கடைசி வரி அக்கா சொன்னதல்ல.
டீயில் சர்க்கரை அதிகம்.

சுவர் இரண்டரை அடி.
என் டிரில் பிட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.
காரையில் அங்கங்கே தட்டிக்கொண்டே போன ஒச்சப்பன்
ஓரிடத்தில் நின்றான்.
"அண்ணே, இங்க பொக்குன்னு கேக்குது."

சுண்ணாம்பைச் சுரண்டினோம்.
உள்ளே துணிப்பந்து, குளவிக்கூடு,
அப்புறம் வெளிச்சம்.
ஒரு துளை, சுவரின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை.
வெளி வாயில் கருங்கல் வளையம்.
அதன் கீழுதட்டில் மட்டும் ஒரு பள்ளம்,
விரல் வைத்தால் வழுக்குகிறது.
கல்லை அறுத்திருக்கிறது
பங்காக் கயிறு.

எத்தனை கோடை ஆகும் அதற்கு?
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
நிமிஷத்துக்கு இருபது இழுப்பு,
மத்தியானம் மூன்று மணி நேரம்,
ராத்திரி எட்டு.
பாதியில் விட்டுவிட்டேன்.

வெளியே போய்ப் பார்த்தோம்.
பின்பக்கம், இரண்டு சுவர் கூடும் மூலை.
அவ்வளவு காற்றோட்டமான அந்த வீட்டில்
காற்று வராத ஒரே இடம்.
அங்கே உட்கார்ந்துதான் ஒருவர்
காற்றைச் செய்து உள்ளே அனுப்பியிருக்கிறார்.

ஒச்சப்பன் அங்கேயே மல்லாந்து படுத்து
ஒரு காலைத் தூக்கி ஆட்டினான்.
"பெருவிரல்ல கட்டிக்கிட்டா
தூங்கிக்கிட்டே இழுக்கலாம்ணே."
"தூங்கிட்டா?"
"உள்ள இருந்து பூட்ஸ் வரும்."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
பிறகு இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை,
ஸ்பேனரைத் தேடினோம்.

செம்புக் குழாய் கச்சிதமாகப் போனது.
வெளி யூனிட்டை வைக்க
அந்த மூலையைத் தவிர வேறு இடமில்லை.
ஸ்விட்ச் போட்டதும்
உள்ளே அதிகாரி "ஆகா" என்றார்.
வெளியே அனல் என் முழங்காலில் அடித்தது.
இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான்:
குளிர் என்று எதையும் நாம் உண்டாக்குவதில்லை,
சூட்டைத் தூக்கி வெளியே வைக்கிறோம்.
வெளியே யார் இருக்கிறார் என்பது
பாடத்தில் வராது.

பில்லில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது:
சுவர் துளையிட, ரூபாய் எண்ணூறு.
பேனாவை அதன் மேல் வைத்தேன்.
அடிக்கவில்லை.
அடித்தால் அது அரசாங்கத்துக்குத்தானே மிச்சம்,
அந்த மூலையில் கிடந்தவருக்கா?

திரும்பும் வழியில் வாடிப்பட்டியில்
ஒச்சப்பனுக்கு நானூறு கொடுத்தேன்.
என் நானூறு
இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
சட்டையைத் துவைக்கப் போட வேண்டும்.