வலப்பக்க ஜன்னல்

எந்த லேனில் உட்கார வைத்தாலும்
ஜன்னல் எனக்கு வலப்பக்கம்தான்.
கிருஷ்ணகிரி டோல்கேட்டைக் கட்டியவர்கள்
என் கன்னத்தைக் கேட்டுக் கட்டவில்லை.

லாரி நின்றால் பரவாயில்லை.
கிளம்பும்போதுதான்.
அது விட்டுப்போகும் காற்று
துப்பட்டாவைத் தாண்டி
கண்ணுக்குக் கீழே ஓர் இடம் தேடும்,
ஒரு ரூபாய்க் காசு அகலம்.
கண்டுபிடித்துவிடும்.

முதலில் பல் என்றார்கள்.
ரவுண்டானா பக்கம் ஒரு மாடி ஆஸ்பத்திரியில்
கடைவாயில் இரண்டைப் பிடுங்கினார்கள்.
ஒரு குற்றமும் செய்யாத பற்கள்.
நரம்பு என்று தெரிந்துகொள்ள
பெங்களூர் வரை போக வேண்டியிருந்தது.
ரத்தக்குழாய் ஒன்று அதன்மேல் சாய்ந்திருக்கிறதாம்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
தூக்கத்தில் சாய்வதுபோல.
எழுப்ப முடியாத ஆள்.

காலை ஒரு மாத்திரை, இரவு ஒன்று.
வலியோடு சேர்த்து
சில சொற்களையும் அது எடுத்துக்கொள்கிறது.
நேற்று டெம்போக்காரர் ஒருவரிடம்
தொண்ணூறு என்று சொல்ல வரவில்லை.
ஒன்பது விரல் காட்டினேன்.
ஊமை என்று நினைத்திருப்பார்,
கும்பிட்டுவிட்டுப் போனார்.

"கொஞ்சம் சிரிங்க மேடம்" என்பார்
சூப்பர்வைசர் திம்மராயன்.
சிரிப்புக்கும் அந்த இடம் தெரியும் சார்.
இதைச் சொல்லவில்லை.
சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டும்.

பவ்யாவிடம் ஒருமுறை கத்திவிட்டேன்,
முத்தம் கொடுத்ததற்கு.
மூன்று வயது.
அன்றிலிருந்து இடப்பக்கமாகச் சுற்றி வருகிறாள்.
பொம்மைக்கும் இடது கன்னத்தில்தான் கொடுக்கிறாள்.
வலப்பக்கம் விரலை நீட்டி
"அங்க தொடக்கூடாது" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்.
நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஆனியில் காவேரிப்பட்டணத்திலிருந்து
மாங்காய் லாரிகள் வரும்.
கன்னத்தைக் கிழிக்கும் அதே காற்றில்
அப்படியொரு மணம்.
பல்லைக் கடித்துக்கொண்டு
(கடிக்கவும் கூடாது)
மூச்சை இழுத்துக்கொள்வேன்.
விடுவேனா.

வலி இல்லாத நாளும் உண்டு.
அன்றைக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்,
கடன்காரன் வராத மாதம்
தெருவையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

இரவு மூன்றரைக்கு
சில நிமிடம் வண்டியே இருக்காது.
துப்பட்டாவை அவிழ்த்து
முகத்தைச் சும்மா வைத்திருப்பேன்.
யாருக்கும் காட்ட அல்ல.
சும்மா.

தூரத்தில் இரண்டு வெளிச்சம்.
லாரியா காரா தெரியவில்லை.
கட்டிக்கொள்ள
இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.