மஞ்சள் மூக்கு

வெருலத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம்
நீச்சல் குளமாகியிருக்க வேண்டிய ஒரு குழி.
இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம்.
முன்பணத்தோடு போன டெல்வின்
இன்னும் வழியில்தான் இருக்கிறான்;
கேட்டால் அப்படித்தான் சொல்கிறான்.

மழை மட்டும் சொன்ன நாளில் வந்தது.
பிறகு தவளைகள்.
பிறகு, யாரும் கூப்பிடாமல்,
மஞ்சள் மூக்குக் காட்டு வாத்து இரண்டு.

ராத்திரி வார்டில் பதினெட்டுக் கட்டில்களை
எண்ணி ஒப்படைத்துவிட்டு வருவேன்.
ஷூவைக் கழற்றாமல்
சமையலறைப் படியில் உட்கார்ந்து
தேநீர் ஆறிப்போகும்வரை பார்ப்பேன்.
ஒன்று தலைகீழாகும், வால் மட்டும் வானத்துக்கு.
மற்றது காவல்.
பிறகு முறை மாறும்.
எங்கள் வார்டிலும் இப்படியொரு முறைப்பட்டியல்
சுவரில் ஒட்டியிருக்கிறது.

மின்வெட்டில் பக்கத்து டிவி அடங்கும்போது
கொய்யா மரத்துக் கொண்டைக்குருவி
என்ன சொல்கிறதென்று கேட்கும்:
மூன்று சொல், கொஞ்சம் யோசனை,
மறுபடி அதே மூன்று.
கடன் கேட்க வந்தவன்
வாசலில் நின்று ஒத்திகை பார்ப்பதுபோல.
ஹடீடாவுக்கு ஒத்திகை கிடையாது.
கூரைமேல் நின்று ஒரே கத்து;
விடியல் பூட்டோடு பெயர்ந்து வரும்.

தவநேசன் இதையெல்லாம் கவனிப்பதில்லை.
குழியைப் பார்த்தால் அவருக்குத் தொகை தெரிகிறது.
"வாத்து நீந்தவா நாற்பதாயிரம் ராண்ட் குடுத்தேன்?"
என்பார்,
ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து
அந்தப் பக்கமாக எறிந்துகொண்டே.

நடுவில் மூன்று நான்கு வாரம்
ஒரு வாத்துதான் இருந்தது.
மற்றது போய்விட்டதென்று நினைத்தேன்.
ஒரு காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
நொக்குதூலா "இதாதா! இதாதா!" என்று கத்தி
ஒன்பது விரலை உயர்த்தினாள்.

நான் எண்ணினேன். எட்டு.
மறுபடியும் எட்டு.
புல்லுக்குள் அவசரமில்லாமல் போனது
ஓர் உடும்பின் வால்.
அந்த ஒன்றை யாரிடம் ஒப்படைப்பதென்று தெரியாமல்
நின்றேன்.

எட்டும் குழிக்குள் குதித்துவிட்டன.
ஏறத் தெரியவில்லை.
செம்மண் சுவர் செங்குத்து.
மேலே நின்று தாய் கூப்பிட,
கீழே ஓடி, வழுக்கி, ஓடி.

தவநேசன் வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
கொட்டகையிலிருந்து பழைய கதவொன்றை
இழுத்துவந்து குழிக்குள் சரித்தார், கைப்பிடியோடு.
கால் வழுக்குமே என்று
அதன்மேல் கோணிச்சாக்கை விரித்து ஆணியடித்தார்.
பிறகு காருக்குப் பின்னால் போய்
ஒளிந்துகொண்டார்,
அறுபத்தொரு வயதில்.

அரை மணி நேரம்.
தாய் கதவில் ஒரு கால் வைத்தது, எடுத்தது, வைத்தது.
பிறகு வரிசை.
கடைசிக் குஞ்சு கைப்பிடியில் முட்டி
உருண்டு விழுந்து,
யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் மறுபடி ஏறியது.
தெருவில் நொக்குதூலா
கையிலிருந்த துடைப்பத்தை உயர்த்தி
டாக்சி வேனை நிறுத்தினாள்.
ஹாரனுக்குப் போன ஓட்டுநரின் கை
பாதியில் நின்றது.
அவை கடந்தன. ஓடை, அப்புறம் கரும்பு,
அப்புறம் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை டெல்வின் போன் செய்தான்.
சிமெண்ட் வந்துவிட்டதாம், லாரி தயாராம்.
போனைக் காதில் வைத்தபடி
ஜன்னல் வழியே பார்த்தார் தவநேசன்.
குழியில் தண்ணீர். தண்ணீரில் பாதிக் கதவு.
கைப்பிடிமேல் ஒரு தூக்கணாங்குருவி
கோணிச்சாக்கின் நாரை உருவிக்கொண்டிருந்தது.

"சரியாக் கேக்கலைப்பா," என்றார்.
"இங்கே ஒரே மழை."

வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது.