ஒரு படி மேலே

கடிதம் வந்தது இரவு பதினொன்றே காலுக்கு.
முகம் தெரியாத ஒருவர். இரண்டே வரி, மரியாதையாக:
"இணைத்திருக்கும் கட்டை உங்கள் லைப்ரரியால் பிரியுங்கள்.
பிரித்த பிறகு, பிரிக்காத இடத்தைப் பாருங்கள்."

வேலந்தாவளத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.
பிரித்தேன்.
உள்ளே ஒரே ஒரு சின்னக் கோப்பு.
விழவேண்டிய பெட்டியில் அது இல்லை.
மூன்று அடுக்கு தாண்டி
என் கடவுச்சொற்கள் படுத்திருக்கும் அறையில்
செருப்போடு நின்றிருந்தது.

அதன் பெயரைப் படித்தேன்.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு.
மறுபடியும்.
'ஒரு படி மேலே போ' என்று அர்த்தம்.
மிரட்டல் இல்லை, வசவு இல்லை.
பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளுங்க' என்பது போல.

இதற்குக் காவல் போட்டிருந்தோமே?
போட்டிருக்கிறது. நாற்பத்தேழாம் வரி.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு கண்டால்
பிடுங்கி எறி.
எறிகிறது. ஒரே ஒருமுறை.
வந்தவன்
நாலு புள்ளி, இரண்டு சாய்கோடாய் வந்தான்.
நடுவிலிருந்ததைப் பிடுங்கினோம்.
இந்தப் பக்கம் மிஞ்சியதும்
அந்தப் பக்கம் மிஞ்சியதும் ஒட்டிக்கொண்டு
அதே இரண்டு புள்ளி, அதே சாய்கோடு.
காவலே தைத்துக் கொடுத்த சட்டை.

யார் எழுதிய வரி?
பதிவேடு முகதாட்சண்யம் பார்ப்பதில்லை:
நிலோபர். மூன்று வருடம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை.
எனக்கு அன்று காய்ச்சல்.
சரிபார்த்த ரெஜீஷுக்குப் பெண் பார்க்கும் நாள்.

நாலு மணி.
செக்போஸ்ட் விளக்கு
தார் ரோட்டையே முறைத்துக்கொண்டிருக்க
தென்னந்தோப்புக்குள்ளிருந்து கனகு வந்தான்,
வெளிச்சம் போடாமல்.
கிழக்கே சும்மா கிடைத்த ரேஷன் அரிசி.
மேற்கே இனி அதற்கு வேறு பெயர், வேறு சாக்கு.
என் மதிலோரம் நிறுத்தி மூச்சு வாங்கினான்.
இறக்கி வைத்த இரண்டு மூட்டை,
சாய்ந்து நிற்கும் ஒரு மொபெட்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தூங்கலையாக்கா?"
"பேரைப் பாத்து உள்ள விட்டுட்டேன் கனகு."
"பேருல என்ன இருக்கு?
எறக்குற எடத்துல வந்து நின்னா மட்டுந்தான்
நாங்க மாட்டுவோம்."

பாடம் சொல்ல நிற்கவில்லை அவன்.
தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், போய்விட்டான்.
எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது இது.
நான்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பியதில்லை.

நாற்பத்தேழை அழித்தேன்.
பெயர் என்னவாகவும் இருந்துகொள்.
ஏறவேண்டிய படியெல்லாம் ஏறு, இறங்கு.
கடைசியில் எங்கே நிற்கிறாய், அதை மட்டும் சொல்.
என் பெட்டிக்குள் என்றால் வா.
இல்லையென்றால் இல்லை.

விடியும்போது புதிய பதிப்பு வெளியே போயிற்று.
பழையதை வைத்திருப்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர், தெரியாது.
ஒருவரைத் தெரியும்.
செக்போஸ்ட் கம்ப்யூட்டரில் அதை ஏற்றியவள் நானே,
ஒரு டீக்கும் பழம்பொரிக்கும்.
மாட்டு லாரிக்காரர்கள் அனுப்பும் கட்டெல்லாம்
அங்கேதான் பிரிகிறது.

ஸ்கூட்டியில் போனேன், பையில் பென்டிரைவ்.
புதுக் காவலர். மூன்றாம் நாள் வேலை.
நோட்டை நீட்டினார்.
எழுதினேன்: நிலோபர், வேலந்தாவளம்.
எந்த அறைக்கு என்று கேட்கவில்லை.
பையைத் திறக்கச் சொல்லவில்லை.
எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார்,
தலையாட்டினார்.

தடுப்புக் கம்பம்
மேலே போயிற்று.