நீலப் பைகள்

வியாழக்கிழமை விடியலில் குப்பை லாரி வரும்.
அதற்குள் நான் போய் வந்தாக வேண்டும்,
செருப்பில்லாமல்,
கேட்டின் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு.

டோங்காட்டில் இது ஐந்தாவது வறண்ட வாரம்.
குழாயைத் திருகினால் இருமுகிறது.
தண்ணீர் லாரி வந்தன்று பிடித்த பதினொரு வாளியில்
அரிசி கழுவியதும் பாத்திரம் அலசியதும் மட்டும்
வெண்டைக்கும் மிளகாய்க்கும்.
அவை வாய் வைப்பதற்குள் வெயில் குடித்துவிடும்.
சோற்றுப் பானையை மூடத் தெரிந்தவளுக்கு
மண்ணை மூடத் தோன்ற
அறுபத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.

முதலில் கரும்புச் சோகை.
நெருப்பு வைக்காமல் வெட்டிய தோட்டத்திலிருந்து
நாத்தனார் மகன் சாகரன்
ஒரு வண்டி கொண்டுவந்து கொட்டினான்.
வழக்கமாக அது கரித்தூளாகத்தான் எங்களிடம் வரும்,
கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தேடி.
முழுதாக இருந்தால் முழங்கை வரை கீறும் என்று
அன்றுதான் தெரிந்தது.

குளிர்கால ராத்திரியில் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல்
மிளகாயின் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.
பத்தே நாள்.
ஆறு செடி தண்டழுகிச் சாய்ந்தன.
விலக்கிப் பார்த்தால் அடியில்
நத்தைகளின் கல்யாண வீடு.
ஏழாவதுக்கு மட்டும் தண்டைச் சுற்றி
நாலு விரல் இடம் விட்டேன்.
அது நிற்கிறது.

சோகை அமுங்கி, மண் மறுபடி தலைகாட்டியபோது
மதிலுக்கு அந்தப் பக்கம்
சருகு வாரும் சத்தம் கேட்டது.

மிஸ்டர் சிங்காரம்.
அவர் வாருவது என் இலை.
அவகாடோ மரம் என் மண்ணில் நின்று
பாதியை அவர் மண்ணில் உதிர்க்கிறது.
ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதைப் பற்றி
அவர் ஒரு வார்த்தை சொன்னார்,
நான் மூன்று சொன்னேன்.
மதில் இரண்டு கல் உயர்ந்தது.
அவர் மனைவி போனபோது போய்க் கை கூப்பினேன்.
அவர் என் கைகளைத்தான் பார்த்தார்.

அவர் வாசலில் நீலப் பைகள், நாலு.
என் இலையை நானே எடுப்பது திருட்டா?
இருட்டில் எடுத்தேனே, அப்படியானால் திருட்டுதான்.

முதல் பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன்.
சருகோடு பால் பாக்கெட், ஃபியூஸ் போன பல்பு,
காலி மாத்திரை அட்டை ஒன்று.
சர்க்கரைக்கு. நான் விழுங்கும் அதே மாத்திரை,
அதே மருந்துக்கடை.
பொறுக்கி எறிந்துவிட்டு இலையைப் பரப்பினேன்.
அவகாடோ இலைக்குத் தோல் தடிமன்.
ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் படுத்து
ஊற்றிய அரைவாளியை வழியனுப்பிவிட்டது.
ஹடீடா பறவைகள் வந்து வளைந்த மூக்கால் புரட்டி எறிந்து
பட்டா வைத்திருப்பவை போல் கத்தின.
விளக்குமாறோடு நின்று நானும் கத்தினேன்.
மதிலுக்கு அப்பால் வாரும் சத்தம்
கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

மூன்றாம் வாரம் பையில் பிளாஸ்டிக் இல்லை.
வீட்டில் வேலைக்காரி மாறியிருப்பாள் என்று நினைத்தேன்.
நாலாம் வாரம்
ஞாயிறு மதியம் முழுக்க அவர் புல்வெட்டி ஓடியது.
மழையே இல்லாத மாதத்தில்
எங்கே புல்?
வியாழனன்று பையில் கை விட்டேன்.
புகையிலைபோல் நறுக்கிய இலை.
முடிச்சுகூட இல்லை,
வாயைச் சும்மா மடித்து வைத்திருந்தது.

அதைத்தான் போட்டேன், நாலு விரல் விட்டு.
மூன்றாம் நாள் விரலை நுழைத்துப் பார்த்தேன்.
ஈரம்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
சாகரனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

இன்று வியாழன்.
எண்ணெய் விட மறந்துவிட்டேன்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கேட் தெரு முழுக்கக் கேட்கும்படி அலறியது.
செருப்பு போட்டிருந்தேன்.
பையைத் தூக்காமல் தார்ச்சாலையில்
சரசரவென்று இழுத்து வந்தேன்.

அவர் வீட்டு இருட்டுக்குள்ளிருந்து
ஒரு இருமல்.

குழாய் இல்லை.