எழுபத்தெட்டு கிராம்

மிளகு காலையில் கத்தவில்லை.
அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.
இரவுப் பணி முடித்து வந்தவளுக்கு
அமைதி எங்கிருந்து வந்தால் என்ன.

மாலையில்தான் பார்த்தேன்.
முப்பத்திரண்டு டிகிரி ஈசூன் வெக்கையில்
குளிருக்குப் போர்த்தியவன்போல் இறகெல்லாம் உப்பியிருந்தது.
ஒற்றைக் காலை மடக்கித் தூங்குகிறவன்
இரண்டையும் ஊன்றியிருந்தான்.
ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலே, கீழே,
மூழ்கும் படகிலிருந்து
யாரோ தண்ணீர் இறைப்பதுபோல்.

வார்டில் பதினாறு ஆண்டு.
மார்பைப் பார்த்து மூச்சை எண்ணுவேன்.
வாலைப் பார்த்து எண்ண நேர்ந்தது இதுதான் முதல்முறை.

கிண்ணத்தை ஆராய்ந்தேன்.
குனிந்ததும் கொறித்ததும் நடிப்பு;
தினை குறையவே இல்லை.
கூட்டத்தில் சோர்ந்தவனைத்தான்
பருந்து முதலில் பார்க்குமாம்.
பதினோராம் மாடியில்
ஏதடா பருந்து?

கேக் மாவு நிறுக்கும் தராசில் ஏற்றினேன்.
எழுபத்தெட்டு.
தீபாவளி வாரத்தில் தொண்ணூற்று மூன்று என்று
மகள் யாழிசை நாட்காட்டி ஓரத்தில்
விளையாட்டாய் எழுதிவைத்திருந்தாள்.
இடையில் காணாமல்போனது
ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்.
மார்பெலும்பு விரலில் கத்திமுதுகாய் இடித்தது.

முதல் கிளினிக்: நாய், பூனை மட்டும்.
இரண்டாவது: நாய், பூனை, முயல்.
மூன்றாவதில் வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள்.
அன்று திங்கள்.
(எத்தனை பேருக்கு நானே
இதே குரலில் வெள்ளி சொல்லியிருக்கிறேன்.)
நான்காவதில் ஒருத்தி கேட்டாள்:
கம்பில் நிற்கிறானா, கூண்டின் தரையிலா?
எச்சத்தில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா?
மஞ்சள் என்றேன்.
அடித்தாளை எறியாமல் மடித்து எடுத்துவாருங்கள்,
இப்போதே.
மருத்துவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.
அந்தக் கேள்விகள் போதும்.

துளையிட்ட காலணிப்பெட்டி, மேலே துண்டு.
டாக்சிக்காரர் கண்ணாடியில் பெட்டியைப் பார்த்தார்.
நான் கேட்காமலே ஏர்கானை அணைத்தார்,
பிறகு வானொலியை.
"மாத்தா புத்தே வளர்த்தேன்," என்றார்.
"மூணு நாள் பாடல. கோவம்னு நெனச்சேன்."
விரைவுச்சாலை முழுக்க
இருவருக்கும் வியர்த்தது.

மருத்துவர் உடனே தொடவில்லை.
ஐந்து நிமிடம் எட்ட நின்று
சும்மா பார்த்தார்.
நான் காலையில்
செய்யாமல் விட்டது அது.

அதன்பிறகு ஊசிமுனையில்லாச் சிரிஞ்சில் மருந்து,
மேசைவிளக்கின் சூடு,
நாட்காட்டியில் எண்கள்.
செவ்வாய் எழுபத்தொன்பது.
புதன் எழுபத்தொன்பது.
வியாழன் எழுபத்தெட்டு; அன்று சமைக்கவில்லை.

இன்று வெள்ளி.
தராசில் எண் எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவே
நிலைகொள்ளாமல் ஆடுகிறது.
நில்லுடா என்கிறேன்.
நிற்கமாட்டேன் என்று
என் கட்டைவிரலைக் கடிக்கிறான்.