கூறு எழுதின கொப்பி

மண்ணெண்ணெய்க் கணக்குக்கு அடுத்த பக்கத்தில்
அந்தப் பன்றி இருக்கிறது.
முப்பத்தோரு கூறு. கூறு ஒரு கிலோ.
ஆயிரத்து இருநூறு.

டிரைவர் சுகததாச இரண்டு, கையில் காசு.
ஆறாம் லயம் எஸ்தரம்மா ஒன்று, சம்பளத்துக்குக் கடன்.
கோயில் தர்மகர்த்தா அரை.
பெயர் போடாதே என்றார்.
‘பெரியவர்’ என்று போட்டேன்.

எழுதியது நான்.
என் எழுத்து வட்டமாக வரும் என்று
இறைச்சி பிரிக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கம்பி கட்டியது என் தம்பி மருதை.
பதினோராம் மலையில், மானாப்புல் தொடங்குமிடத்தில்
பழைய கிளட்ச் வயரில் ஒரு சுருக்கு.
மூன்றே ராத்திரியில்
வத்தாளங்கிழங்குப் பாத்தியெல்லாம் உழுதுவிட்டுப் போனதே,
அந்தக் கோபம்.
விழுந்தது நல்ல கொழுத்த பன்றி.
மயிர் மினுங்கியது.
நோய் என்று சொல்ல அதில் ஒரு சொறிகூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் மருதைக்குக் காய்ச்சல்.
கெண்டைக்காலைத் தொடாதே அக்கா என்று கத்தினான்.
கண் இரண்டும் வெற்றிலை துப்பின சிவப்பு.
டிஸ்பென்சரியில் பனடோல்.
பிறகு கண் மஞ்சளாச்சு.
பிறகு மூத்திரம் நின்றது.
டிக்கோயாவிலிருந்து ஆம்புலன்ஸ்
நிற்காமல் கண்டிக்கு.

எலிக்காய்ச்சல் என்றார் பி.எச்.ஐ.
லயத்து வாசலில் நின்று கேட்டார்:
வயலில் இறங்கினானா?
இந்த மலையில் எங்கே ஐயா வயல்.
கானில்? மாட்டுப் பட்டியில்?
பன்றி ஏதும் அறுத்தீர்களா?

எல்லோரும் ஒரே நேரத்தில்
மேகம் பார்க்கத் தொடங்கினோம்.

போன வருசம் கீழ்த் தோட்டத்தில்
கம்பியில் புலி செத்து
இரண்டு பேர் உள்ளே போனது
அவருக்கும் தெரியும்.
எலிக்குப் பொறி வையுங்கள் என்று
தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.
எலி என்ன வாய் திறந்து
நான் இல்லை என்றா சொல்லப்போகிறது.

திங்கட்கிழமை அரைப் பேர் போட்டுவிட்டு
கொப்பியைச் சேலைக்குள் செருகி
மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

டொக்டர் மிஸ் பக்கத்தை மெல்லப் படித்தார்.
பெரியவர் யார் என்று கேட்கவில்லை.
‘நன்றாக வேகவைத்துத் தின்றவர்களை எண்ணி
எனக்குப் பெரிய பயமில்லை.
இதை அறுத்தது யார்?
குடல் அலசியது யார்?
அதன் குண்டிக்காயில் குடியிருக்கும் கிருமி
அதற்கு ஒன்றும் செய்யாது.
வெறுங்கையில் ஒரு கீறல் போதும்,
உள்ளே வந்துவிடும்.’

அறுத்தவனுக்குக் கூறு சும்மா.
சும்மா கொடுத்ததைக் கொப்பியில் எழுதுவதில்லை.

நாலு காலையும் பிடித்த சிவனு.
டோர்ச் அடித்த கிஷோக், பத்து வயது,
அட்டை கடித்த காலோடு
ரத்தத் தண்ணீரில் நின்றான்.
வயர் கிழித்த உள்ளங்கையோடு
குண்டிக்காயை அரிந்து எடுத்த மருதை.
பீலியில் குடல் கழுவிய நான்,
கொழுந்து பறித்து வெடித்த இந்த விரல்களால்.

பேனை கேட்டு வாங்கினேன்.
கொப்பியின் கடைசிப் பக்கம்.
காசு என்ற பத்தி இல்லாமல்
பெயர் மட்டும்.
முதலில் என் பெயர்.
வட்டமாக வரவில்லை.

குளிசை தந்தார்கள், எல்லோருக்குமாக எண்ணி.
கிஷோக்கை நாளைக்கே கூட்டிவரச் சொன்னார்கள்.

நான் பீலியில் குடல் கழுவினேன்.
கண்டியில் மெஷினில்
மருதையின் ரத்தத்தைக் கழுவுகிறார்கள்.
அவனைப் பற்றி எதுவும்
வெள்ளிக்கிழமைதான் சொல்ல முடியுமாம்.

கடைசி பஸ்ஸில் ஏறி
இருட்டில் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
பதினோராம் மலையில் இன்னும்
நாலு சுருக்குக் கிடக்கிறது.
மிஸ் அதைக் கேட்கவில்லை.
எந்தப் பக்கத்திலும் நான் அதை எழுதவில்லை.